கீழக்கரையா, பாம்பனா, தொண்டியா, தேவிபட்டினமா? பழைய துறைமுக ஊரில் வீடு தேடுகிறவர்களுக்கு

ஓய்வு பெறப் போகிறவர்கள், துபாயிலும் சவூதியிலும் வேலையை முடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற இளம் தம்பதிகள் என்று பலரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் குடியிருக்க ஆசை, ரிசார்ட் பக்கம் வேண்டாம், தோணியும் கப்பலும் வந்துபோன பழைய ஊராக இருக்க வேண்டும், எந்த ஊரைப் பார்க்கலாம்? கீழக்கரை நல்ல ஊர் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருப்பார், பாம்பன் பாலத்தை ரயிலில் கடந்தபோது மனசு அங்கேயே நின்றிருக்கும், தொண்டிப் பக்கம் மனை மலிவு என்று தரகர் போன் பண்ணியிருப்பார். எதையும் முடிவு செய்யாமல் வருஷம் ஓடிவிடும்.

பழைய துறைமுகம் என்ற பெயர் இந்தக் கரையில் கிட்டத்தட்ட எல்லா ஊருக்கும் உண்டு, அதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த ஊர் இன்றைக்கும் கடலை நம்பி என்ன வேலை பார்க்கிறது, அந்த வேலையின் சத்தமும் வாடையும் நேரமும் கஷ்டமும் உங்கள் வாசல் வரைக்கும் வரும்போது உங்களுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். நான் இந்த நான்கு ஊரையும் அப்படித்தான் எடை போடுகிறேன்.

ராமேசுவரத்தைச் சேர்க்கவில்லை. அது கோயிலால் வாழ்கிற ஊர், அங்கே வீடு எடுப்பது வேறு கணக்கு. தனுஷ்கோடியில் குடியிருக்கும் பேச்சே இல்லை, 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவித்துவிட்டது. பெரியபட்டினம், அழகன்குளம் இரண்டும் வரலாற்றில் பெரிய ஊர்கள், ஆனால் வெளியூர்க்காரர் வாடகைக்கு வீடு தேடினால் கிடைப்பது சிரமம். அவற்றைப் பக்கத்து ஊர்களோடு சேர்த்துச் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் காற்று. வெளியூர்க்காரர்கள் கேட்கவே கேட்காத கேள்வி இது. ராமநாதபுரத்துக்கு இரண்டு கடல். மண்டபம் முனையும் ராமேசுவரம் தீவும் குறுக்கே நீண்டு கிடப்பதால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குக் கடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர்கூட இருக்காது, அதனால் பாதி வருஷம் அலையே இல்லாமல் குளம் மாதிரி கிடக்கும். ஆனால் ஐப்பசி பிறந்து வாடை அடிக்கத் தொடங்கிவிட்டால் தை வரைக்கும் அந்தப் பக்கம் கலங்கிப்போய் இரைச்சலோடு இருக்கும், அப்போது தெற்குக் கடல் அடங்கியிருக்கும். வைகாசியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று கிளம்பினால் கதை தலைகீழ், தெற்கே கொந்தளிப்பு, வடக்கே அமைதி. மண்டபத்தில் படகுகளையே பருவத்துக்குத் தக்கபடி ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக் கட்டுவார்கள். வீட்டை அப்படி மாற்றிக் கட்ட முடியாது. மாசி மாதம் வந்து பார்த்துவிட்டு, கடல் எவ்வளவு சாந்தமாக இருக்கிறது என்று பத்திரம் முடித்தவர்கள் ஐப்பசியில் ஜன்னலைத் திறக்க முடியாமல் தவிப்பார்கள்.

அடுத்து உப்பு. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்தாலும் உப்புக் காற்று வரும். மெயின் ஸ்விட்ச் போர்டு, கேட் கீல், ஏ.சி.யின் வெளி யூனிட், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் கால், மோட்டார் சைக்கிள் சைலன்சர் எல்லாம் மதுரைக்காரர் தன் ஊரில் எதிர்பார்க்கும் காலத்தில் பாதியிலேயே போய்விடும். பழைய கான்கிரீட் வீடு என்றால் மேல்தளத்தின் அடிப்பாகத்தைத்தான் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதினால் சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும், புதிதாக வெள்ளை அடித்து மறைத்திருந்தாலும் கையால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் செங்கலோ மணலோ உப்புத் தண்ணீர் கண்டது என்று அர்த்தம், அதற்கு வைத்தியம் கிடையாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் கம்பிக்கு மேல் கான்கிரீட் கனத்தைக் கூட்டி வைக்கச் சொல்லுங்கள், ஜன்னலுக்கு இரும்பே வேண்டாம். இந்த வகையில் ஆகும் செலவை வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் உண்மையான மாதச் செலவு தெரியும்.

தண்ணீர். இந்த மாவட்டத்தின் பெரும்பகுதிக்குக் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான் உயிர். குழாயில் தினமும் வரும் என்று நினைக்காதீர்கள். நிலத்தடி நீர் தெருவுக்குத் தெரு மாறும், மணல் மேட்டில் தோண்டினால் ஊற்றில் நல்ல தண்ணீர், நூறு அடி தள்ளித் தோண்டினால் வாயில் வைக்க முடியாது. வீடு பார்க்கப் போகும்போது அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரை நீங்களே வாயில் ஊற்றிப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் குடம் எவ்வளவுக்கு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள், தரகர் சொல்லாததை அவர் சொல்வார்.

அப்புறம் ஆஸ்பத்திரி, ரயில், பள்ளிக்கூடம். பெரிய வைத்தியம் என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேலே மதுரை. விமானமும் மதுரைதான். எந்த ஊரிலிருந்து ராமநாதபுரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை வயதானவர்கள் மறக்கக் கூடாது.

|  | கீழக்கரை | பாம்பன், மண்டபம் | தொண்டி | தேவிபட்டினம் |
|---|---|---|---|---|
| கடல் | மன்னார் வளைகுடா | இரண்டும் | பாக் விரிகுடா | பாக் விரிகுடா |
| கொந்தளிக்கும் காலம் | கச்சான் | கரையைப் பொறுத்து | வாடை | வாடை |
| ஊரின் அடையாளம் | மரைக்காயர் வணிகம், சங்கு | மீன்பிடி, பாசி, பாலம் | இலங்கைத் தோணி வணிகம், இன்று மீனும் நெல்லும் | நவபாஷாணம், நண்டு, மீன் |
| ரயில் | ராமநாதபுரம், 17 கி.மீ. | ஊரிலேயே | ஊரில் இல்லை, காரைக்குடி அல்லது ராமநாதபுரம் | ராமநாதபுரம், சுமார் 15 கி.மீ. |
| நிலத்தின் விலை | ஊரின் அளவுக்கு அதிகம் | சாலையோரம் அதிகம், உள்ளே சுமார் | குறைவு | சுமார் |
| மறைந்திருக்கும் செலவு | கிடைக்காத வீடு, நெரிசல் | புயல், போக்குவரத்துத் தடை | வைத்தியத்துக்கான பயணம் | கரையில் அழுகும் கடல் புல், அமாவாசைக் கூட்டம் |

## கீழக்கரை

கடல் வணிகம் ஒரு ஊரை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் கீழக்கரைக்குத்தான் போக வேண்டும். மரைக்காயர்கள் என்ற தமிழ் முஸ்லிம் கடல் வணிகர்கள் சொந்தக் கப்பல் வைத்து வியாபாரம் பண்ணிய ஊர், துணி, சங்கு, முத்து, அரிசி என்று இலங்கைக்கும் கிழக்கே மலாய் நாடுகள் வரைக்கும் சரக்கு போன ஊர். டச்சுக்காரர்களும் இங்கே வந்து வியாபாரம் செய்தார்கள். 17-ம் நூற்றாண்டில் இந்த ஊரின் பெரிய வணிகர் சேக் அப்துல் காதர் மரைக்காயர், அதாவது நமக்குத் தெரிந்த வள்ளல் சீதக்காதி. ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர், உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் துணை நின்றவர், படிக்காசுப் புலவர் பாடிய கை. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று இன்றைக்கும் நாம் பேச்சில் சொல்கிறோமே, அந்த மனிதரின் ஊர் இது.

பழைய ஜும்மா பள்ளிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். முழுக்கக் கல் கட்டடம். தூண்களில் மதுரைப் பக்கத்துக் கோயில் மண்டபங்களில் இருக்கிற அதே வேலைப்பாடு, பூவும் கொடியும் போதிகையும், உருவம் மட்டும் கிடையாது. அதே சிற்பிகளின் கை, அதே உளி. சேதுபதிக்கும் மரைக்காயருக்கும் நடுவில் இருந்த உறவு எப்படிப்பட்டது என்பதை எந்தச் செப்பேட்டையும் விட அந்தத் தூண்கள் எனக்குத் தெளிவாகச் சொல்கின்றன. இங்கேயே வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19-ம் நூற்றாண்டில் அரபு எழுத்தில் தமிழை எழுதிப் பெரிய நூல்கள் செய்தவர். இந்தப் படிப்பு வாசனை ஊரில் இன்னும் போகவில்லை, பெண்களுக்கான கல்லூரி, பொறியியல் கல்லூரி எல்லாம் இவ்வளவு சின்ன ஊரில் இருக்கின்றன.

வணிகம் நிற்கவில்லை, கப்பல் மட்டும் விமானமாகிவிட்டது. ரத்தினக்கல் வியாபாரம், கொழும்பு, துபாய், மலேசியா என்று வீட்டுக்கு ஒருவர் வெளியே இருப்பார். அந்தப் பணம் ஊருக்குள் வந்து மனை விலையாக நிற்கிறது. அதுதான் முதல் சிக்கல். இரண்டாவது சிக்கல், பழைய தெருக்களில் வீடு விற்பனைக்கே வராது. பெண் பிள்ளைகளுக்கு வீடு கொடுப்பதும் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதும் இங்கே பழைய வழக்கம். அதனால் வீடு என்பது தாயிடமிருந்து மகளுக்குப் போகிற சொத்து, வெளியாருக்குப் போவது அபூர்வம். உங்களுக்குக் கிடைக்கப் போவது ஊரின் வெளிப்பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய புதுத் தெருக்கள்தான். அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. பழைய தெருக்களின் நெரிசலும் சாக்கடைத் தொல்லையும் அங்கே கொஞ்சம் குறைவு என்பதும் உண்மை.

கடல் இங்கே மன்னார் வளைகுடா. எதிரே அப்பா தீவு, தலையாரித் தீவு, வாழைத் தீவு, முள்ளித் தீவு என்று வரிசையாகத் தீவுகள், எல்லாம் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கும் 21 தீவுகளைச் சேர்ந்தவை. இறங்க அனுமதி கிடையாது. இந்தத் தீவுகளும் பவளப் பாறைகளும் பெரிய அலையை வாங்கிக்கொள்வதால்தான் கரை பிழைத்துக்கிடக்கிறது. ஒரு காலத்தில் அந்தப் பவளக் கல்லையே வெட்டி வந்து சுவர் எழுப்பவும் சுண்ணாம்பு சுடவும் செய்தார்கள். இப்போது அது குற்றம், பழைய வீடு வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் இடித்த கல்லை வெளியே கொண்டுபோகும்முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சங்கு குளிக்கிற ஆட்கள் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் ஏர்வாடியிலும் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கடலின் சங்குதான் வங்காளத்துப் பெண்களின் கை வளையலாகக் காலங்காலமாகப் போனது. பெரியபட்டினத்தில் அகழாய்வு செய்தபோது சீனப் பீங்கான் உடைசல் ஏராளமாகக் கிடைத்தது, 13, 14-ம் நூற்றாண்டுச் சரக்கு. வரலாற்றில் ஆர்வமுள்ளவர் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இவ்வளவும் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம், கடைத்தெரு பக்கத்தில் வேண்டும் என்கிறவர்கள், மன்னார் வளைகுடாவின் நீலத்தை விரும்புகிறவர்கள், இவர்களுக்குக் கீழக்கரை. ஊரின் ஒழுங்கு, தொழுகை நேரம், நோன்பு மாதத்தில் இரவு முழுக்க விழித்திருக்கும் தெரு, இவற்றோடு சேர்ந்து வாழ மனசு இருக்க வேண்டும். இருந்தால் அக்கம்பக்கத்தில் தொதல் கிண்டும் நாளில் உங்கள் வீட்டுக்கும் ஒரு வாழை இலைத் துண்டில் வந்து சேரும். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் மணிக்கணக்கில் கிண்டி, எண்ணெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வருகிற பதம் அது.

## பாம்பன், மண்டபத்தையும் சேர்த்து

என் மனசுக்கு நெருக்கமானது இதுதான், ஆனால் எல்லோருக்கும் இதைச் சொல்லமாட்டேன்.

பாம்பனில் கடல் என்பது காட்சி இல்லை, தொழில். சம்மாட்டிகள் என்ற படகு முதலாளிகள், விசைப்படகு, நாட்டுப்படகு, கரைவலை, ஐஸ் கட்டி லாரி, காயப்போட்ட கருவாடு, விடியற்கால ஏலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பழுது பார்க்கப்படும், ஊரே சுத்தியல் சத்தமாக இருக்கும். புயல் கூண்டு ஏற்றினார்கள் என்றால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும், கடையில் கடன் பேரேடு நீளும். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்ற செய்தி வந்த அன்றைக்கு அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் குரல் எழாது. இங்கே குடியிருந்தால் இது செய்தித்தாள் செய்தியாக இருக்காது, உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் யாழ்ப்பாணச் சிறையில் இருப்பார்.

சின்னப்பாலம் என்ற மீனவக் கிராமத்தின் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பாருங்கள். விரல் ஒவ்வொன்றிலும் பழைய துணிக் கிழிசலைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள், பாறை அறுக்காமல் இருக்க. கண்ணில் நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் கையால் பிய்த்து எடுத்து மேலே வருவார்கள், மறுபடியும் முங்குவார்கள், வெயில் ஏறும் வரைக்கும். எந்த நாளில் போவது, எந்த நாளில் பாசியை வளரவிட்டு ஒதுங்கியிருப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஐஸ்கிரீமிலும் மருந்திலும் சேர்கிற பாசிக் கூழ் இந்த விரல்களிலிருந்து கிளம்புகிறது. பாம்பனின் கடல் மரபு என்று யாராவது கேட்டால் நான் பாலத்துக்கு முன்னால் இவர்களைத்தான் சொல்வேன்.

பாலமும் சாதாரணம் இல்லை. 1914 பிப்ரவரி 24-ல் திறந்த ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், கப்பல் வரும்போது நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே எழும் தூக்குப்பாலம். அது வந்த பிறகுதான் போட் மெயில் ரயில் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்தது, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 புயலில் பாலத்தின் பல கண்கள் சரிந்தன, பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீட்டார்கள். சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-ல் வந்தது. பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது, புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்தது. இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்கு ரயிலே கிடையாது, எல்லோரும் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கிப் பஸ் பிடித்தார்கள். இதைத்தான் மறைந்திருக்கும் செலவு என்கிறேன். தீவில் வீடு எடுக்கிறவர் இரண்டு பாலத்தை நம்பி வாழ்கிறார். காற்று அளவு மீறி வீசினால் ரயில் நின்றுவிடும், ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் சாலைப் பாலம் வாகனத்தால் அடைத்துக்கொள்ளும், அன்றைக்கு நெஞ்சுவலி வந்தால் ராமநாதபுரம் தூரம்.

அதனால் இதயக் கோளாறு, டயாலிசிஸ் உள்ளவர்கள், மாதத்துக்கு இரண்டு முறை மதுரை போகிறவர்கள், தீவைத் தாண்டாமல் மண்டபத்திலேயே நின்றுவிடுங்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம், ரயில் உண்டு, ஊரின் வடக்கே ஒரு கடல் தெற்கே ஒரு கடல், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று நடக்கலாம். மண்டபம் கேம்ப் என்ற பெயருக்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நிறுத்திச் சோதித்து அனுப்பிய முகாம் அது, பின்னாளில் அதே இடம் இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்களின் அகதி முகாமானது. போனவர்களின் வழியிலேயே திரும்பி வந்தார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு இருந்ததும் இங்கேதான், அது பிறகு கொச்சிக்குப் போனாலும் மண்டல மையம் இன்னும் இருக்கிறது. பாம்பன் பக்கத்துக் குந்துக்கல்லில் 1897 ஜனவரி 26-ல் விவேகானந்தர் இறங்கியபோது பாஸ்கர சேதுபதி எதிர்கொண்ட இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது.

எழுதுகிறவர், படம் பிடிக்கிறவர், கடல் தொழிலைக் கிட்டத்திலிருந்து கற்றுக்கொள்ள நினைக்கிறவர், உடம்பில் தெம்புள்ளவர், இவர்களுக்குப் பாம்பன். கருவாட்டு வாடை ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தப் பக்கமே வேண்டாம்.

## தொண்டி

மலிவு என்பதற்காக மட்டும் இங்கே வராதீர்கள், பழமைக்காக வந்தால் நிறைவு இருக்கும். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குள் கொண்டல் காற்று நுழையும்போது தொண்டியிலிருந்து கப்பல் கூட்டத்தில் வந்த அகிலும் துகிலும் சந்தனமும் கற்பூரமும் மணக்கிற வாசனையோடு நுழைகிறது. கொண்டல் கிழக்குக் காற்று, இந்தக் கரையிலிருந்து மதுரைக்கு அடிக்கிற காற்று. சங்கப் பாடல்களில் வரும் சேரர்களின் தொண்டி மேற்குக் கரையில், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பாண்டியருக்குத் துறையாக இருந்து, பிற்காலத்தில் இலங்கைக்குத் தோணி ஓடிய துறையாக இருந்து, இப்போது மீன்பிடி ஊராக அமைதியாகக் கிடக்கிறது. பக்கத்து ஊர்களில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடத்துவார்கள், பாய் விரித்த படகுகள் வரிசையாகக் காற்றைப் பிடித்துச் சாய்ந்து வருவதைப் பார்க்க வேறு ஊருக்குப் போக வேண்டாம்.

கொச்சியிலிருந்து மூணாறு, தேனி, மதுரை, சிவகங்கை வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை தொண்டியில் வந்துதான் முடிகிறது. அதனால் மதுரைக்கு நேர்ச் சாலை, குறுக்கே கிழக்குக் கடற்கரைச் சாலை. உள்ளே திருவாடானை, மாவட்டத்தின் நெற்களஞ்சியம், மழை பெய்த வருஷத்தில் கடலுக்குப் போகும் வழியெல்லாம் பச்சை. அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியார் 1693-ல் வெட்டப்பட்ட ஓரியூரும் பக்கம், காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையும் தொண்டியில்தான் இருக்கிறது.

குறை என்று பார்த்தால் ரயில் கிடையாது, பெரிய வைத்தியத்துக்குக் காரைக்குடிக்கோ ராமநாதபுரத்துக்கோ வண்டி எடுக்க வேண்டும், வாடைக்காலத்தில் கடல் முகத்தில் அறையும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும். கொஞ்சம் நிலத்தோடு வீடு, தென்னை, ஆடு, மாலையில் கடற்கரை, இவ்வளவு போதும் என்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தக் கரையில் இல்லை. சொந்தக் கார் இல்லாதவர் யோசிக்க வேண்டும்.

## தேவிபட்டினம்

ராமநாதபுரத்திலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடலாம், அதுதான் இதன் பெரிய பலம். டவுனில் வேலை, கடலோரத்தில் வீடு என்பவர்களுக்கு இது ஒன்றுதான் வசதியாக இருக்கும். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்கள், நவபாஷாணம், ராமர் நட்டது என்பது நம்பிக்கை. அமாவாசை தோறும் திதி கொடுக்க வருகிற கூட்டத்தில் தெருவில் வண்டி நகராது.

பாக் விரிகுடாவின் அடியெல்லாம் கடல் தாழை என்ற கடல் புல். அதனால்தான் ஓரா மீனும் முரல் மீனும் நண்டும் இந்தப் பக்கம் ருசி. அதே தாழை பெயர்ந்து கரையில் மெத்தை மெத்தையாக ஒதுங்கி வெயிலில் அழுகும்போது முதல் தெருவில் சாப்பிட உட்கார முடியாது. கடலிலிருந்து மூன்று, நான்கு தெரு உள்ளே தள்ளி வீடு பாருங்கள். தெற்கே வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம். 1980-களிலிருந்து அங்கே நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசும் மதுச்சாடி உடைசலும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. மதுரையின் ஆறு கடலைத் தொட்ட இடத்தில் ரோமாபுரிச் சரக்கு இறங்கியிருக்கிறது. போய்ப் பார்த்தால் மண் மேடும் கருவேல மரமும்தான் தெரியும், தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்கு அதுவே நிறைய.

## அட்வான்ஸ் கொடுக்கும் முன்

எந்த ஊரானாலும் முதலில் வாடகைக்கு இருங்கள், ஒரு வாடைக்காலமும் ஒரு கச்சான் காலமும் முடிவதற்குள் வாங்கும் பேச்சே எடுக்க வேண்டாம்.

உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், அதற்குள் நகராட்சியில் ஒரு விதி, கிராம ஊராட்சியில் வேறு விதி. கீழக்கரை நகராட்சி, தொண்டியும் மண்டபமும் பேரூராட்சி, பாம்பனும் தேவிபட்டினமும் ஊராட்சி. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் இருப்பதால் கட்டடம் சட்டப்படி கட்டியது என்று ஆகாது. கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் அந்த சர்வே எண் எந்தப் பகுதியில் வருகிறது என்பதை நீங்களே பாருங்கள். வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குப் போடுங்கள். இந்தக் கரையில் தேவஸ்தான நிலம், வக்ஃபு நிலம், புறம்போக்கு, மீனவர்கள் பரம்பரையாக வலை காயப்போடும் பொது இடம் எல்லாம் ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. வலை காயும் இடத்தை வளைத்து யாராவது மனை போட்டு விற்றால், பத்திரம் சுத்தமாக இருந்தாலும் வாங்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களிடம் பகைத்துக்கொண்டு அங்கே ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்க முடியாது, அவர்கள் பக்கம்தான் நியாயமும் இருக்கிறது.